பிடித்த தெருவிலேயே

2025 ஆகஸ்ட் 11 அன்று, டெல்லித் தெரு நாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும், திரும்ப வெளியே விடவே கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு உத்தரவு போட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதி அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்டவையும் மூர்க்கமாகக் கடிப்பவையும் மட்டும் விதிவிலக்கு என்றது. இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஏன் டாக்டர், எல்லாத்தையும் பிடிச்சு ஒரு ஷெல்டர்ல போட்டுட வேண்டியதுதானே? சாப்பாடும் கிடைக்கும், நமக்கும் தொந்தரவு இல்ல." பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார், வங்கிக் காசாளர் கேட்டார், கல்யாண வீட்டுப் பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் கேட்டார்.

கேட்டவர்கள் யாரும் கல் நெஞ்சக்காரர்கள் இல்லை. காப்பகம் என்றால் மர நிழல், வேளாவேளைக்குச் சோறு, ஓடி விளையாட இடம் என்று நினைத்துக் கேட்கிறார்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்துத் தொண்ணூறுகளின் நடுவில் வெளியே வந்தவன் நான். அன்று முதல் என் தொழில் பெரும்பாலும் தெரு நாய்களோடுதான். காப்பகத்தால் எது முடியும், எது ஒருநாளும் முடியாது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்வதென்றால் கொஞ்சம் பழைய கதையையும் சொல்லியாக வேண்டும். சென்னையில் அந்தக் கதை புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பில் தொடங்குகிறது.

1959 மழைக்காலத்தில் தியாகராய நகர் தெருக்களில் வெள்ளம். தண்ணீரில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைக் கேப்டன் வி. சுந்தரம் தூக்கிக்கொண்டு வந்து தன் வீட்டில் வைத்துக்கொண்டார். அவர் விமானி. மைசூர் மகாராஜாவின் விமானத்தை ஓட்டியவர். அவர் மனைவி உஷா சுந்தரம், சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானி. பெங்களூர் ஜக்கூர் பயிற்சிப் பள்ளியில் படித்து 1949-இல் தேறியவர். 1951-இல் கணவனும் மனைவியுமாக ஒரு டி ஹாவிலாண்ட் டவ் விமானத்தை இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தது அந்நாளில் பெரிய செய்தி. அப்படிப்பட்ட வீட்டில்தான் சொறி நாய்க்கும் அடிபட்ட மாட்டுக்கும் மருந்து போட ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் சுரேஷ், விஜி, சின்னி கிருஷ்ணா மூவரும் கூடவே நின்றார்கள். 1964-இல் புளூ கிராஸ் ஆஃப் இந்தியா முறையாகப் பதிவானது. பிற்பாடு கிண்டியில், வேளச்சேரி சாலையில், மருத்துவமனையும் காப்பகமும் எழுந்தன.

அந்தக் காலத்துச் சென்னையில் விலங்குகளுக்கு இரங்கும் இந்த எண்ணம் தனியாக முளைக்கவில்லை. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் பிறகு 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழி வகுத்தது. அந்தச் சட்டத்தின்கீழ் 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அலுவலகம் இதே ஊரில் இருந்தது. கலாக்ஷேத்ராவைக் கட்டியவர் என்று அவரை எல்லோருக்கும் தெரியும். இந்தச் சட்டத்துக்காகவும் அவரைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது இதன் மறுபக்கம். மெட்ராஸ் மாநகராட்சி 1860-இலிருந்தே தெரு நாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது. என் வயதுக்காரர்களுக்கு அந்த நாய் வண்டி நினைவிருக்கும். இரும்பு இடுக்கியோடு ஆட்கள் குதித்து இறங்குவார்கள். நாய்கள் பேசின் பிரிட்ஜ் கொட்டடிக்குப் போகும், அங்கே மின்சாரம் பாய்ச்சிக் கொல்வார்கள். 1964-இல் இளைஞராக இருந்த சின்னி கிருஷ்ணா அந்தக் கொட்டடிக்கே போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணீர் விட்டதோடு நிற்காமல் ஒரு கணக்குக் கேட்டார்: நூறு வருஷமாகக் கொல்கிறீர்களே, நாய் குறைந்திருக்கிறதா? அவர் பொறியாளர். ஒரு முறையால் பலன் இல்லையென்றால் முறையை மாற்ற வேண்டும் என்பது அவருக்கு இயல்பாக வந்தது. கொல்ல வேண்டாம், கருத்தடை செய்து தடுப்பூசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடுவோம் என்ற யோசனையை புளூ கிராஸ் மாநகராட்சியிடம் வைத்தது. மாநகராட்சி கேட்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் கொல்லப்படும் நாய்களின் எண்ணிக்கை எந்த அளவுக்குப் போனதென்றால், அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் நாய்த் தோலில் கழுத்துப் பட்டையும் பணப்பையும் செய்யலாமா என்று பார்த்தார்கள். 1996-ஐ எட்டும்போது ஒரு நாளைக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டதாக சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். அந்த 1996-இல்தான் மாநகராட்சி ஒருவழியாக இறங்கி வந்தது. தென்சென்னையின் ஒரு பகுதியில் கொல்வதை நிறுத்திவிட்டு அறுவை சிகிச்சைக்கு அனுமதித்தார்கள். யோசனை சொல்லிச் சரியாக 32 வருஷம் கழித்து. ஐந்து வருஷம் போனதும், 2001-இல், மத்திய அரசு அதையே நாடு முழுவதற்குமான விதியாக அறிவித்தது. இப்போது நடப்பில் இருப்பது 2023-இல் திருத்தி எழுதிய விதிகள்.

நாயைக் கொன்றால் நாய் ஏன் குறைவதில்லை என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. படித்தவர்களுக்கே இது புரியாமல் இருக்கிறது. ஒரு தெருவில் எத்தனை நாய் இருக்கும் என்பதை அந்தத் தெருவின் குப்பைத் தொட்டியும் கறிக்கடையும் ஓட்டல் வாசலும் முடிவு செய்கின்றன. பத்து நாய்க்குத் தீனி இருக்கிற தெருவில் ஏழைப் பிடித்துக்கொண்டு போனால் மிஞ்சுவது மூன்று. அந்த மூன்றும் நன்றாகத் தின்று கொழுத்துக் குட்டி போடும். முன்பெல்லாம் பாதிக்கு மேல் செத்துப்போகிற குட்டிகள் இப்போது பிழைக்கும். பக்கத்துத் தெருவிலிருந்தும் நாய் வந்து சேரும். அப்படி வருகிற நாய் தடுப்பூசி போட்டதா, அங்கே ஏற்கெனவே யாரையாவது கடித்ததா, யாருக்கும் தெரியாது. வருஷம் திரும்புவதற்குள் பத்து. கருத்தடை ஆன நாய் தன் இடத்தைக் காத்துக்கொண்டு அதே தெருவில் கிடந்தால் புதியது உள்ளே நுழைவது கஷ்டம், குட்டியும் இல்லை. இவ்வளவுதான் இதன் சூட்சுமம்.

இனி என் வேலை.

பிடித்து வரும் நாய்க்கு முதலில் எழுத வேண்டியது இடம். எந்தத் தெரு, எந்தக் கம்பத்தருகே, என்ன நிறம், ஆணா பெண்ணா என்று குறித்துக் கழுத்தில் எண் அட்டை கட்ட வேண்டும். வலை போட்டுப் பிடிக்கிற அண்ணன்மார்களிடம் நான் முதலில் கற்றுக்கொண்டது இதைத்தான். மருத்துவம் படித்த எங்களுக்கு எல்லாப் பழுப்பு நாயும் ஒன்றுபோல இருக்கும். அவர்கள் வாலைப் பார்த்தே, "இது பெருமாள் கோயில் பின்னாடி உள்ளது சார், முன்காலை லேசா நொண்டும்" என்பார்கள். அவர்களில் பலர் அப்பா காலத்தில் இடுக்கியோடு ஓடியவர்களின் பிள்ளைகள். நாய் வலையில் விழுந்ததும் அதன் கண்ணை ஒரு துணியால் மூடிவிட்டு, "ஒண்ணும் இல்லடா, ஒண்ணும் இல்ல" என்று ஒருவர் சொல்லிக்கொண்டே தூக்குவதைப் பார்த்தபோது, இந்த ஊரில் எது மாறியிருக்கிறது என்பது எனக்கு விளங்கியது. எந்த அரசாணையிலும் அதை எழுத முடியாது.

இரவு முழுக்க வெறும் வயிறு. தீனி வயிற்றில் இருந்தால் மயக்கத்தில் வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போய்விடும். காலையில் எடை பார்த்து சைலசின், சற்றுப் பொறுத்து கெட்டமின். பெண் நாயை இடப்பக்கமாகப் படுக்க வைத்து, கடைசி விலா எலும்புக்குப் பின்னால் மயிரை மழித்து, பீட்டாடைனும் ஸ்பிரிட்டும் மாறி மாறித் தடவ வேண்டும். வெட்டு இரண்டு விரல் அகலத்துக்கு மேல் போகக் கூடாது. தோலைத்தான் கத்தியால் வெட்டுவோம். கீழே மூன்று அடுக்குத் தசை. அதை வெட்டாமல் நார் ஓடுகிற வாக்கிலேயே கத்தரிக்கோல் முனையால் பிரித்துவிட்டால் ரத்தமும் குறைவு, வலியும் குறைவு. பிறகு விரலை உள்ளே விட்டுக் கருப்பையின் ஒரு கொம்பைத் தேடிப் பிடிக்க வேண்டும். குடல் வழுக்கும், மூத்திரப்பை உருளும். கருப்பை மட்டும் ஒரு தனி இறுக்கத்தோடு விரலில் படும். அந்தத் தொடுகையைப் புத்தகத்தால் சொல்லிக்கொடுக்க முடியாது.

கொம்பைப் பிடித்து மேலே இழுத்தால் அதன் நுனியில் சினைப்பை. அதை உடம்போடு கட்டியிருக்கும் நாரை நீட்டும்போது மயக்கத்தில் இருக்கிற நாய்கூட ஒரு பெருமூச்சு விடும். மயக்கம் போதுமா என்று நான் தீர்மானிப்பது அந்த மூச்சை வைத்துத்தான். முடிச்சுப் போட்டு, அறுத்து, அடித்தண்டை உடனே உள்ளே விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். ஒரு சொட்டுக்கூடக் கசியக் கூடாது. பிறகு அடுத்த கொம்பு. வயிற்றின் நடுவில் வெட்டாமல் விலாவில் வெட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. நாளைக்குத் தையல் பிரிந்தாலும் குடல் வெளியே சரியாது; பால் கொடுக்கிற நாயானாலும் பால்மடியில் கத்தி படாது; தெருவில் தூரத்தில் நின்றே புண் ஆறியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம். தெருவுக்குத் திரும்பப் போகிற நாய் என்ற நினைப்பு வெட்டும் இடத்தில்கூட இருக்கிறது. மயக்கம் தெளிவதற்குள் கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காது நுனியில் சின்னதாக ஒரு வெட்டு, தொடையில் வெறிநோய்த் தடுப்பூசி, அவ்வளவுதான். மார்கழிக் குளிரில் உடம்புச் சூடு சட்டென்று இறங்கிவிடும், அதனால் அடியில் சாக்கு விரித்துப் படுக்க வைப்போம். குறைந்தது நான்கு நாள் வைத்திருந்து, புண் காய்ந்த பிறகு, பிடித்த இடத்துக்கே வண்டி.

ஆபரேஷன் மேசையில் ஒரு நாயைச் சரியாகக் கவனித்து முடித்தால் மனசு நிறைவாக இருக்கும். காப்பகக் கேட்டின் பக்கம் போனால் அந்த நிறைவு இருக்காது.

புரட்டாசி, ஐப்பசியில் நாய்கள் சேரும். 63 நாள் கர்ப்பம். கார்த்திகைக் கடைசியிலிருந்து தை வரைக்கும் கேட்டுக்கு வெளியே அட்டைப் பெட்டிகள் வந்துகொண்டே இருக்கும். பிஸ்கட் கம்பெனிப் பெட்டி, டிவி வந்த பெட்டி, மூடியில் ஓட்டை போட்ட பெட்டி. உள்ளே கண் திறக்காத குட்டிகள். "அனாதையா கெடந்துச்சு சார், பாவம்னு எடுத்துட்டு வந்தேன்." பெரும்பாலும் அந்தக் குட்டிகள் அனாதைகள் இல்லை. தாய் இரை தேடிப் போயிருக்கும், அந்த நேரத்தில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். "தம்பி, எங்கேர்ந்து எடுத்தீங்களோ அங்கேயே கொண்டு வச்சுடுங்க, அம்மா தேடிட்டு இருக்கும்" என்றால் முகம் வாடிப்போகும். உதவி செய்ய வந்தவரைத் திருப்பி அனுப்புவது எளிதல்ல. ஆனால் கண் திறக்காத குட்டி தாயை விட்டுக் காப்பகத்துக்குள் வந்தால் பிழைப்பது அரிது. இதை நான் வருத்தத்தோடு சொல்கிறேன், ஒளிக்க விரும்பவில்லை.

காரணம் பார்வோ. இந்த வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். சோப்புக்கும் சாதாரணக் கிருமிநாசினிக்கும் மசியாது, பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும். கூண்டைத் தினம் கழுவுகிறோம், கால் நனைக்கத் தொட்டி வைக்கிறோம், குட்டிகளைப் பிரித்து வைக்கிறோம். இருந்தாலும் வெளியிலிருந்து ஒரு பெட்டியில் வந்த குட்டி ரத்தமாகப் பேதி போனால், அந்த வரிசையே ஆபத்தில். அடுத்தது டிஸ்டெம்பர். அது காற்றில் வரும். மூக்கில் சளி, கண்ணில் பீளை, கடைசியில் தலையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கும். பிழைத்தாலும் சிலவற்றுக்கு அந்த இழுப்பு ஆயுசுக்கும் நிற்காது. தெருவில் பரந்து கிடக்கிற நாய்களுக்குள் மெதுவாகப் போகிற நோய், ஒரே கூரையின்கீழ் அடைத்தால் வாரத்தில் எல்லாவற்றுக்கும் போய்விடும். எந்தக் காப்பகத்தின் குறையும் அல்ல இது. நெருக்கத்தின் இயல்பே அப்படி.

பிறகு வளர்ப்பு நாய்கள். வாடகை வீடு மாறும்போது, குழந்தை பிறக்கும்போது, வயதாகிக் கண் தெரியாமல் போகும்போது கேட் கம்பியில் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். லாப்ரடார், ராட்வீலர், பிளாட்டில் வாங்கி வைத்த ஹஸ்கி. தெரு நாய் இரண்டு நாளில் கூண்டைப் புரிந்துகொண்டு தன் தட்டைத் தேடி வரும். வீட்டில் வளர்ந்தது வராது. கேட்டைப் பார்த்தே உட்கார்ந்திருக்கும். மருந்துக்கு அடங்குகிற நோய் எதுவும் அதற்கு இல்லை. ஆனால் சோறு இறங்காது, மெலியும், சிறுநீரகம் கெடும், பிறகு ஏதோ ஒரு சாதாரணக் காய்ச்சலில் போய்விடும். எனக்கு இந்தத் தொழிலில் கோபம் வருகிற இடம் இது ஒன்றுதான். நாயைக் கட்டிவிட்டுப் போனவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் செய்தது கொடுமை என்று சொல்லத் தயங்கவும் மாட்டேன்.

இத்தனைக்கும் காப்பகம் வேண்டவே வேண்டாம் என்பது என் வாதம் இல்லை. கார் ஏறி இடுப்பு முறிந்த நாய்க்கு, புழு வைத்த புண்ணோடு அலைகிற மாட்டுக்கு, மாஞ்சா நூலில் இறக்கை அறுந்த பருந்துக்கு, பொங்கல் முடிந்ததும் கைவிட்ட கன்றுக்கு, தீபாவளி வெடிக்குப் பயந்து நாலு தெரு தாண்டி ஓடிவந்த வீட்டு நாய்க்கு வேறு போக்கிடம் ஏது? புழுப் புண்ணுக்கு டர்பன்டைன் எண்ணெய் விட்டால் ஆழத்தில் இருக்கிற புழுவெல்லாம் மேலே நெளிந்து வரும். ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுக்க வேண்டும். ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது. அந்த நேரத்தில் நாய் தலையை என் உதவியாளர் அக்காவின் மடியில் வைத்திருக்கும். அவர் அதன் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டே இருப்பார். வலிக்கிறது, ஆனால் கடிக்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையிலிருந்து நனைந்து நடுங்கி வந்தவற்றுக்கும், 2020 ஊரடங்கில் ஓட்டல்கள் மூடியதும் பட்டினி கிடந்தவற்றுக்கும் கைகொடுத்தது இந்த மாதிரி அமைப்புகளும் அவர்களோடு ஓடிய இளைஞர்களும்தான். நோய்ப்பட்டது வரட்டும், குணமாகட்டும், போகட்டும். காப்பகம் என்பது ஆஸ்பத்திரி மாதிரி. அங்கே குடியிருக்க யாரும் போவதில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். 2024 கணக்கெடுப்பின்படி சென்னையில் தெரு நாய்கள் சுமார் 1.8 லட்சம். எல்லாவற்றையும் அடைத்துச் சோறு போடுவதென்றால், ஒரு நாய்க்கு அரைக் கிலோ என்று வைத்தாலும் தினம் 90 டன். கழுவ ஆள், கூண்டு, மருந்து, தண்ணீர், இவற்றை நான் சேர்க்கவில்லை. அதற்கான இடம் இந்த நகரத்தில் இல்லை. அந்தப் பணமும் யாரும் கொடுக்கப் போவதில்லை. கொடுத்தாலும், நான் மேலே சொன்ன பார்வோவும் டிஸ்டெம்பரும் பாதி வேலையை முடித்துவிடும். அடைப்பது என்பது மெதுவாகக் கொல்வதற்கு இன்னொரு வழியாகத்தான் போய் முடியும். 2025 நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களின் நாய்களைக் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னபோது, குழந்தைகளை நினைத்துக் கவலைப்படுகிறவர்களின் மனசு எனக்குப் புரிந்தது. எனக்கும் பேத்தி இருக்கிறாள். ஆனால் பள்ளி வாசலில் குப்பையை அள்ளாமல் நாயை மட்டும் அள்ளினால், அடுத்த மாதம் அங்கே வேறு நாய் நிற்கும். அதற்குக் காதில் வெட்டு இருக்காது.

அந்தக் கணக்கெடுப்பில் என்னைத் தூங்கவிடாத எண் வேறு. சென்னை நாய்களில் கருத்தடை ஆனவை 27 சதவிகிதம்தான். நாட்டுக்கே வழி காட்டிய ஊரின் நிலை இது. வெறிநோய் பரவாமல் தடுக்க ஒரு ஊரின் நாய்களில் 70 சதவிகிதத்துக்காவது தடுப்பூசி போட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. வருஷா வருஷம், விடாமல். கோவாவில் அதைச் செய்தார்கள். 2021-இல் அந்த மாநிலம் வெறிநோய்க் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. சென்னையிலும் 1996-க்குப் பின் வந்த வருஷங்களில் வெறிநோய்ச் சாவுகள் நன்றாகவே இறங்கின. பிறகு நகரம் விரிந்தது. சோழிங்கநல்லூர், மாதவரம், அம்பத்தூர் என்று எல்லைகள் சேர்ந்தன. அந்த வேகத்துக்குக் கருத்தடை மையங்களும் மருத்துவர்களும் சேரவில்லை. ஒரு மண்டலத்தில் முழுமையாகச் செய்யாமல் இங்கே நாலு, அங்கே நாலு என்று பிடித்தால், அது செய்ததாகவே ஆகாது.

வெறிநோயைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சினிமாவில் காட்டுகிற மாதிரி நுரை தள்ளித் துரத்துகிற நாய் மட்டும் அல்ல அது. ஊமை வெறி என்று ஒன்று உண்டு. நாய் அமைதியாக, தாடை தொங்கி, எச்சில் வடிய, எதையும் விழுங்க முடியாமல் ஒரு மூலையில் கிடக்கும். ஒரு ஆட்டோ ஓட்டுநர் அப்படி ஒரு நாயை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். "தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு போல சார், நானும் கையை வுட்டுப் பாத்துட்டேன், கெடைக்கல." அவர் விரலில் ஏற்கெனவே ஒரு கீறல். நாயைத் தனிக் கூண்டுக்கு அனுப்பிவிட்டு, அவரைக் குழாயடிக்கு இழுத்துப்போய்ச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வைத்தேன். "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்களாமே சார், எனக்கு வேணாம், குடும்பஸ்தன் நான்" என்று அவர் கண் கலங்கினார். அந்தப் பதினாலு ஊசிப் பயம் இன்னும் நம் ஊரில் போகவில்லை. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை இந்தியா 2004-ஓடு நிறுத்திவிட்டது. இப்போது அரசு மருத்துவமனைகளில் கைத்தோலில் போடுகிறார்கள், இலவசமாக, முதல் நாள், அதிலிருந்து மூன்று, ஏழு, இருபத்தெட்டு நாள் கழித்து. ரத்தம் வந்த கடி என்றால் முதல் நாளே காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். "அண்ணே, குடும்பஸ்தன்னுதான் போட்டுக்கணும்" என்று சொல்லி, அரசு மருத்துவமனைக்கு நானே கூடப் போனேன். அவர் நன்றாக இருக்கிறார். அந்த நாய் அன்றிரவைத் தாண்டவில்லை.

நாயைத் திரும்ப விடப் போகும்போது நடக்கிற சண்டைகளும் இந்தத் தொழிலில் உண்டு. "இங்க எறக்காதீங்க, கொஞ்சம் தள்ளி ஏரிக்கரைல வுட்டுட்டுப் போங்க" என்று குடியிருப்போர் சங்கத்து ஆட்கள் வண்டியை மறிப்பார்கள். "நாங்க வரி கட்றோம் சார்" என்பார்கள். நியாயமான பேச்சுதான். அவர்களோடு நின்று பேச வேண்டும், சட்டத்தை மட்டும் காட்டினால் நடக்காது. தெரியாத இடத்தில் விட்ட நாய் அங்கே இருக்கிற நாய்களிடம் கடி வாங்கும், பசியில் ஓடும், பயத்தில் மனுஷனையும் கடிக்கும். நீங்கள் அனுப்புகிற நாய்க்குப் பதிலாக உங்கள் தெருவுக்கு வேறொன்று வரும், அது குட்டி போடும். "இது உங்களைத் தெரிஞ்ச நாய் சார், இனிமே குட்டியும் போடாது, ஊசியும் போட்டிருக்கு" என்றால் பாதிப் பேர் ஒதுங்கி வழி விடுவார்கள். ஒருமுறை இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரே இஸ்திரி வண்டியில் நின்ற அக்கா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார். "அஞ்சு நாளா இவளைக் காணாம சோறு எறங்கல சார், எறக்குங்க சார்." கூண்டுக் கதவைத் திறந்ததும் அந்த நாய் யாரையும் பார்க்காமல் நேரே இஸ்திரி வண்டிக்கு அடியில் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது. மறித்து நின்ற பெரியவரே, "சரி, வுடுங்க, இந்தம்மா நாய்தானா" என்று வண்டிக்கு வழி விட்டார்.

வாசகர்களிடம் கேட்டுக்கொள்ள என்னிடம் சில விஷயங்கள் உண்டு. நாய் கடித்தாலோ கீறினாலோ மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்காமல் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசியைப் பாதியில் நிறுத்தாதீர்கள். தாய் அருகே இருக்கிற குட்டிகளை அள்ளிக்கொண்டு வராதீர்கள். வளர்ப்பு நாய்க்குக் கருத்தடை செய்யுங்கள், கடைசிவரை வைத்துக்கொள்ள முடியாதென்றால் வாங்காதீர்கள். தெரு நாய்க்குச் சோறு வைக்கிறவர்கள் சோற்றோடு நிற்காமல் அதைப் பிடித்துக்கொடுக்கவும் உதவுங்கள். உங்கள் கையில்தான் அது பயப்படாமல் வரும். உங்கள் தெருவில் காதில் வெட்டு இல்லாத பெண் நாய் ஒன்று திரிந்தால், புரட்டாசி பிறப்பதற்குள் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லிவிடுங்கள்.